பின்னால் நடந்து வர ஒருத்தி

1

நான் குட்டையாகிவிட்டேன் என்ற சேதி எனக்கு ஓர் அரசாங்க அலுவலகத்தில் வைத்துத்தான் தெரிந்தது.

ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். கல்யாணமாகி இங்கே வந்தேன். மகள் பிறந்து, படித்து, அவள் வேலைக்கும் போய்விட்டாள். இருந்தாலும் இங்கே தங்குவதற்கான அட்டையை அவ்வப்போது போய்ப் புதுப்பிக்க வேண்டும். போன சித்திரையில் அதற்காகப் போயிருந்தோம். பிறந்த ஊர் இராஜபாளையம் என்பதை அங்கிருந்த அம்மாளுக்கு ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அடுத்து, "உயரம்?" என்றாள். அப்பாடா, சுலபமான கேள்வி. இருபது வயதிலிருந்து சொல்லிவருகிற அதே உயரத்தைச் சொன்னேன்.

பக்கத்தில் இருந்த என் மகள் அபி, தமிழில், "அம்மா, நீ அவ்வளவு உயரம் இல்ல" என்றாள்.

"நீ சும்மா இரு. என் உயரம் எனக்குத் தெரியாதா?"

அந்த அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நான் சொன்னதையே தட்டிக்கொண்டாள். பெயரில் ஒரு புள்ளி பிசகினால் மாதக்கணக்கில் அலையவிடுகிற ஊர் இது. உயரத்துக்கு மட்டும் வாய்ச்சொல் போதுமாம்.

வீட்டுக்கு வந்ததும் அபி என்னைச் சமையலறை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் சிறுமியாக இருந்தபோது ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் அந்த வாசல் நிலைக்கட்டையில் பென்சிலால் அவள் உயரத்தைக் கோடு போடுவோம். ஒரு முறை "அம்மாவுக்கும் போடுவோம்" என்று அடம்பிடித்து எனக்கும் ஒரு கோடு போட்டாள். அந்தக் கோட்டில் முதுகை ஒட்டி நின்றேன். அவள் என் தலைமேல் ஒரு புத்தகத்தை வைத்துப் பார்த்தாள். புத்தகம் கோட்டுக்குக் கீழே இரண்டு விரற்கடை இறங்கி நின்றது. கேலி செய்யத்தான் கூட்டிப்போனாள், ஆனால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டரிடம் போனோம். "எப்போது நின்றது?" என்று கேட்டார். நான் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அபிதான், "மாதவிடாயைக் கேட்கிறார் அம்மா" என்றாள். இத்தனை வருசம் இந்த மொழியைப் பேசியும் பதற்றத்தில் ஒரு சாதாரணக் கேள்வி பிடிபடவில்லை. அது நின்று ஐந்தாறு வருசம் இருக்கும் என்றேன். எலும்புப் பரிசோதனை செய்தார்கள். எலும்பு மெலிந்திருக்கிறது, முதுகுத்தண்டில் ஓர் எலும்பு லேசாக அமுங்கியிருக்கிறது என்றார். விழுந்தீர்களா, அடிபட்டதா என்று கேட்டார். எதுவுமில்லை. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்த என் முதுகு, எனக்கே தெரியாமல் உட்கார்ந்துவிட்டது.

2

எங்கள் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் சேலை நீண்டுகொண்டே போனது. கரை தரையில் இழுபடும். "இப்பல்லாம் நெசவாளி தாராளமாயிட்டான் போல" என்று சிரித்துக்கொண்டே தூக்கிச் செருகிக்கொள்வாள். நாங்களும் கூடச் சிரித்தோம். கூன் விழுந்தபோது, வயசாகிவிட்டால் கூன் விழத்தானே செய்யும் என்றோம். சேலை நீளவில்லை, அம்மாதான் குறைந்துகொண்டே வந்தாள் என்று அந்த டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அங்கேயே அழுதுவிட்டேன். எனக்காக அழுகிறேன் என்று நினைத்து டாக்டர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

எங்களுக்குச் சொந்த ஊர் இராஜபாளையம் பக்கத்தில் சோழபுரம். பங்குனிப் பொங்கலுக்கு மாரியம்மனுக்கு முளைப்பாரி எடுப்போம். வீட்டுக்கு ஒரு பானை. மண்ணும் எருவும் போட்டு, தட்டப்பயறும் மொச்சையும் சோளமும் விதைத்து, வெளிச்சம் படாத ஓர் அறையில் எல்லா வீட்டுப் பானைகளையும் வரிசையாக வைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். இருட்டில் வளர்கிற பயிர் வெளிறிய மஞ்சளாக, நெடுநெடுவென்று நிற்கும். பொங்கலன்று சாயங்காலம் அவரவர் பானையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, கொட்டுச் சத்தத்தோடு கோயிலுக்குப் போக வேண்டும்.

விதைத்ததிலிருந்து சுத்தபத்தமாக இருக்க வேண்டும். நடுவில் மாதத்தூரம் வந்துவிட்டால் பானை வேறு கைக்குப் போய்விடும். இது என்ன நியாயம் என்று அபி என்னிடம் சண்டைக்கு வருவாள். கேள்வி சரிதான், நானும் அவளோடு சேர்ந்து ஊரைத் திட்டுவேன். ஆனாலும் அந்தப் பானையை நினைத்தால் எனக்கு ஆசை அடங்காது. என்ன செய்ய?

பத்தொன்பது வயதில் ஒரு முறை என் தலையில் ஏற்றினார்கள். எனக்குப் பின்னால் பேச்சி நடந்து வந்தாள். பேச்சி என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள், பக்கத்துத் தெரு. பாதி வழி போயிருப்போம். "ஏட்டி தங்கம், நில்லு" என்று காதோரம் ஒரு குரல் கேட்டது. "நிக்காத மாதிரி நில்லு. பாவாடையில பட்டிருக்கு."  அவள் சத்தம் போட்டு, "இவளுக்குத் தலை சுத்துதாம், பானைய நான் வாங்கிக்கிடுதேன்" என்று சொல்லிக்கொண்டே என் பானையைத் தன் தலைக்கு மாற்றினாள். தன் தாவணித் தலைப்பை இழுத்து எனக்குப் பின்னால் மறைத்தபடி என்னை ஒரு வீட்டுச் சுவரோரம் தள்ளிவிட்டுக் கூட்டத்தோடு போய்விட்டாள். யாருக்கும் எதுவும் தெரியாது. நான் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, என் பயிர் அவள் தலையில் ஆடி ஆடிப் போவதைப் பார்த்தேன்.

அதற்கடுத்த தையில் எனக்குக் கல்யாணம். பொறவு பங்குனிக்கு ஊருக்குப் போகக் கொடுத்துவைக்கவில்லை. போன ஒன்றிரண்டு தடவையும் நாள் ஒத்துவரவில்லை. அந்தப் பேச்சியையே என் அண்ணன் கட்டிக்கொண்டார். தாலி ஏறிய அன்றே அவள் எனக்கு மதினி ஆனாள், நானும் 'நீங்க' போட ஆரம்பித்தேன். அவள் மட்டும் 'ஏட்டி'யை விடவில்லை. "எம் பானைய பிடுங்கிட்டுப் போனவதானே நீங்க" என்று இத்தனை வருசமாக அவளைச் சீண்டிக்கொண்டிருக்கிறேன்.

3

டாக்டர் மாத்திரை எழுதினார். அதோடு உடற்பயிற்சியும் எழுதினார். அந்தச் சீட்டைக் காப்பீட்டு அலுவலகத்துக்கு அனுப்பி, அவர்கள் முத்திரை குத்தித் திருப்பி அனுப்பிய பிறகுதான் வகுப்பில் சேரலாம். எங்கள் ஊரில் நிலம் விற்கத்தான் முத்திரை வேண்டும். இங்கே காலைத் தூக்கவும் வேண்டியிருக்கிறது.

"தினம் வாக்கிங் போறியே, அது போதாதா?" என்றார் என் வீட்டுக்காரர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நடப்பது நெஞ்சுக்கு நல்லது, மெலிந்த எலும்புக்கு அது மட்டும் காணாது என்றாள் வகுப்பு எடுக்கிற பெண். சதை இழுத்தால்தான் எலும்புக்குப் புத்தி வரும், சுமை வேண்டும் என்றாள். முதல் நாள் அவள் என் கையில் ஓர் இரும்பு எடையைக் கொடுத்தபோது சட்டென்று கீழே வைத்துவிட்டேன். எங்கள் பக்கம் ஐம்பதைத் தாண்டிய பொம்பளை குடத்தைத் தொட்டாலே, "ஏளா, கர்ப்பப்பை எறங்கிரும்" என்று நாலு பேர் ஓடி வருவார்கள். எனக்கு அந்த நாலு பேரும் கண் முன்னால் வந்து நின்றார்கள்.

ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிற கூடத்தில் வகுப்பு. எல்லோரும் என்னைவிட மூத்தவர்கள். ஹெல்கா என்று ஒருத்தி, எழுபதைத் தாண்டியவள், நான் கீழே வைத்த எடையைப் போல இரண்டை ஒரே கையில் தூக்கிக்கொண்டு கதை பேசுவாள். எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்றார்கள். அந்த வயசுக்காரியை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. "ஹெல்கா அக்கா" என்றேன். அது தன் பெயரின் தமிழ் உச்சரிப்பு என்று நினைத்துக்கொண்டு அவளும் திரும்பிப் பார்த்தாள். இன்று வரை அந்த வகுப்பில் பாதிப் பேருக்கு அவள் ஹெல்காக்காதான்.

கையை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழுவது, குதிகாலை உயர்த்தி நிற்பது, ஒற்றைக் காலில் நின்று பல் தேய்ப்பது என்று ஒவ்வொன்றாகப் பழகினேன். முதுகை வளைத்துக் குனிவதை மட்டும் விட்டுவிடச் சொன்னாள். இடுப்பில்தான் மடங்க வேண்டுமாம். அப்படியானால் முளைப்பாரியைச் சுற்றித் தட்டுகிற கும்மி? வீட்டில் யாருமில்லாத நேரத்தில் இடுப்பை மடக்கி ஒரு கும்மி தட்டிப் பார்த்தேன். முதுகு வளையாமலும் கும்மி வந்தது. வந்தது சரி, வட்டத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். பக்கத்தில் தட்ட ஒரு கை இல்லாமல் தனியாகக் கும்மி தட்டுகிற மாதிரி ஒரு தரித்திரம் உலகத்தில் வேறில்லை.

4

ஆடி மாதம் மதினியிடம் பேசிக்கொண்டிருந்தேன். சோழபுரம் வீட்டில் இப்போது அவளும் அண்ணனும் மட்டும்தான். அண்ணன் ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பையன்கள் இருவரும் கோயம்புத்தூரில்.

"ஏட்டி, போன பங்குனிக்கு நம்ம வீட்டுப் பானை வைக்கலட்டி" என்றாள்.

"ஏன் மதினி?"

"முட்டுவலி. தூக்கிக்கிட்டு அம்புட்டுத் தூரம் நடக்க முடியல."

எனக்குள் என்னவோ எழுந்து நின்றது. எனக்குத்தான் இப்போது எல்லாம் நின்றுபோயிற்றே, இனி நாள் பார்க்க வேண்டியதில்லையே! "வார பங்குனிக்கு நான் வாரேன் மதினி. நான் தூக்குதேன்" என்றேன். போனை வைத்துவிட்டு நேரே டாக்டரிடம் ஓடினேன். முளைப்பாரிப் படத்தைக் காட்டி, இதைத் தலையில் வைக்கலாமா என்று கேட்டேன். படத்தை வெகுநேரம் பார்த்தார். குனிந்து தூக்கவே கூடாது, இன்னொருவர் ஏற்றிவிட வேண்டும், மண்ணைக் குறைத்துப் பானையை இலேசாக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகப் பழக வேண்டும், வலித்தால் அந்த நிமிடமே இறக்கிவிட வேண்டும் என்றார். எங்கள் பூசாரிகூட இத்தனை நிபந்தனை போட்டதில்லை.

அதற்குச் சில நாள் கழித்து மதினியிடம் வகுப்புக் கதைகளை அளந்துகொண்டிருந்தேன். "நேத்து ஒரு பாடம் எடுத்தா மதினி. இருமுனா, தும்முனா சொட்டுச் சொட்டாப் போகுதுல்ல, அதுக்கும் பயிற்சி இருக்காம். நான் வெக்கப்பட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அந்த ஹெல்காக்கா கையைத் தூக்கி, எனக்குப் போகுதுன்னு சொல்லுதா, ஊருக்கே கேட்குற மாதிரி."

 லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"இருக்கேன்ட்டி" என்றாள். குரல் தணிந்துவிட்டது. "ஒனக்கும் போகுதா?"

"போகுது மதினி. தும்மல் வந்தா காலைப் பின்னிக்கிட்டுத்தான் நிப்பேன்."

"தங்கம், எனக்கு முட்டுவலில்லாம் இல்லட்டி."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். "சின்னவன் பெறந்ததுல இருந்தே கொஞ்சம் உண்டு. நின்னுபோன பொறவு ரொம்ப மோசம். பஸ்ஸுல ஏற மாட்டேன். கல்யாண வீட்டுல ஒரு வாய்த் தண்ணி குடிக்க மாட்டேன். பானையத் தூக்கிக்கிட்டுப் போகையில ஆயிருச்சுன்னா? ஆத்தா சன்னதியில, அம்புட்டு சனத்துக்கு முன்னால? செத்துருவேன்ட்டி. அதான் முட்டுவலின்னுட்டேன். ஒங்க அண்ணன் பாவம், தைலம் வாங்கிட்டு வந்து தினம் தேச்சு விடுதாவ."

ஒன்றும் இல்லாத முட்டியில் அண்ணன் தைலம் தேய்க்கிற காட்சியை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். சிரித்ததில் இரண்டு பேருக்கும் போய்விட்டது என்பதையும் எழுதிவிடுகிறேன். பிறகு இரண்டு பேரும் அழுதோம். இத்தனை வருசமாக வாரம் தவறாமல் பேசிக்கொள்கிறோம், இதை மட்டும் பேசவில்லையே என்று எனக்கு ஆறவில்லை.

5

பக்கத்து வீட்டுக்காரி, கர்ப்பப்பையை எடுத்தால்தான் தீரும் என்று மதினியைப் பயமுறுத்தி வைத்திருந்தாள். முதலில் ஒரு டாக்டரம்மாவைப் பாருங்கள் என்று அரித்தெடுத்தேன். இராஜபாளையத்தில் காட்ட மாட்டேன், அங்கே எல்லாம் தெரிந்த முகம் என்றாள். கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனாள். அண்ணனிடம் பால்கோவா வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய், காட்டிவிட்டு, மறக்காமல் பால்கோவாவும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். ஆபரேஷன் எல்லாம் வேண்டாம், பயிற்சி செய்தாலே முக்கால்வாசி சரியாகும் என்று அந்த டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தது, இங்கே எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே பயிற்சிதான். அடுத்தடுத்து மதினி போகப் போக, "எம்புட்டுப் பால்கோவாதான் திங்கிறது?" என்று அண்ணன் போனில் என்னிடம் முறையிட்டார்.

காலையில் ஆறு மணிக்கு நான் போனைச் சமையலறை மேடையில் சாய்த்து வைப்பேன். இங்கே பனி, இருட்டு. அங்கே பத்தரை, நல்ல வெயில். அண்ணன் தோட்டத்துக்குப் போயிருப்பார். இரண்டு பேரும் நாற்காலியில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு எழுவோம், உட்காருவோம். "மூச்சைப் பிடிக்காதீங்க மதினி. உள்ள இழுத்து, பிடிச்சு, மெதுவா விடுங்க." முதலில் அவளுக்கு எதை இழுப்பது என்றே பிடிபடவில்லை. பிடிபட்ட பிறகு, "ஏட்டி, ரேசன் கடை வரிசையில நின்னுக்கிட்டே செஞ்சேன். ஒருத்திக்கும் தெரியல" என்று அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோசம். அவளுக்குப் பின்னால் வாசல் தெரியும். வேப்பமரத்து நிழல் ஆடும். யாரோ ஐஸ்காரன் மணி அடிப்பான். நான் பயிற்சியை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். "எங்கட்டி பாக்க? எழுந்திரு" என்பாள்.

முதுகு நிமிர்ந்து பழகிய பிறகு, ஐப்பசியில் அரிசிப் பையைத் தலையில் வைத்து வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் ஏற்றிவிடுவார். முதலில் ஒரு கிலோ, பிறகு இரண்டு. கதவுக்கு வெளியே மாடிப்படி நடையிலும் ஒரு நாள் நடந்து பார்த்தபோது மேல்மாடிக் கிழவர் எதிரே வந்து, லிஃப்ட் பழுதா என்று கேட்டார். வேலை பார்த்துவிட்டு வருகிற அபி, தலையில் பையோடு நிற்கிற என்னைப் பார்த்து, "அம்மா, இது யாருக்காக?" என்றாள். எனக்காக என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "வீட்டுப் பானை நின்னு போகக் கூடாதுல்ல" என்றேன். மாசியில் டிக்கெட் போட்டாயிற்று.

6

போன வாரம் மதினி நேரம் தப்பிக் கூப்பிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏட்டி, ஒன்னு சொல்லுவேன், கோவிச்சுக்கிடக் கூடாது. நேத்து தண்ணி லாரி வந்துச்சு. ரெண்டு குடம் தூக்கியாந்தேன். நடுத்தெருவுல நின்னு வேணும்னே இருமிப் பாத்தேன். ஒன்னும் ஆகலட்டி!" கொஞ்சம் நிறுத்தினாள். "இந்த வருசம் பானைய நானே தூக்கட்டுமா?"

"தூக்குங்க மதினி. இதுக்கு என்ன கேள்வி?" என்றேன். உண்மையாகவே எனக்குச் சந்தோசம். போனை வைத்தபின் நாற்காலியில் உட்கார்ந்தவள், அன்றைக்கு எழவே மனசில்லாமல் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு ஒரு பானைதான். ஊரில் என்னால் ஆக வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது என்று ஆடியிலிருந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேனே, இப்போது அதுவும் இல்லை. இரண்டாம் தடவையும் அதே பேச்சி, அதே பானை. வயிறெரிந்தது என்று எழுதினால் குறைந்துபோய்விட மாட்டேன்.

அபி கேட்டுவிட்டு, "அத்தையே தூக்க முடியும்னா நல்லதுதானே? நீ ஏன் அவ்வளவு தூரம் போகணும்? உன் முதுகுக்கும் நல்லது. டிக்கெட்டைக் கோடைக்கு மாத்திக்கலாம்" என்றாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எனக்கு அழுகையாக வந்தது. இரண்டு நாள் காலைப் பயிற்சிக்கு நான் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கூப்பிட்டேன்.

"மதினி, நீங்கதான் தூக்குறீங்களே. நான் இந்தப் பங்குனிக்கு வரலைன்னாலும் பரவாயில்லல்ல?"

"ஏட்டி, கூறுகெட்டவளே!" என்று அவள் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கா பறந்திருக்கும். "பானையத் தலையில வச்சுக்கிட்டு நான் திரும்பிப் பாக்க முடியுமா? குனிஞ்சு பாக்க முடியுமா? பாதி வழியில சேலை நனைஞ்சா எவட்டி எனக்குச் சொல்லுவா? எவகிட்டச் சொல்லி வச்சிருக்கேன் நான்? அன்னைக்கு ஒம் பின்னால யாரு வந்தா? நீ வருவங்குற தைரியத்துலதானட்டி தூக்குதேன்னு சொன்னேன்!"

 பாதி வழியில், கொட்டுச் சத்தத்துக்கு நடுவில், காதோரம் கேட்ட அந்தக் குரல் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது.

"என்னட்டி, லைன் போயிருச்சா?"

"வாரேன் பேச்சி" என்றேன். கல்யாணத்துக்குப் பிறகு அவளை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவளும் அதைக் கண்டுகொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் அபி வந்ததும், "டிக்கெட்டை மாத்தல" என்றேன்.

"அப்போ பானையை யார் தூக்குறது?"

"அத்தை."

"நீ?"

"நான் அவளுக்குப் பின்னால நடப்பேன்."

அபி கைப்பையைக் கழற்றாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "பின்னால நடக்கிறதுக்காகவா இவ்வளவு தூரம் போற?"

"அதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, கையை ஊன்றாமல் எழுந்து போய் அவளுக்குத் தோசை ஊற்றினேன்.